தேவநாதனின் தலையாட்டித் தொட்டிகள்

சரஸ்வதி பூஜை விடுமுறை வந்தால் பாண்டிச்சேரிக்காரர்கள் கடற்கரையில் நடப்பார்கள், அல்லது ரயிலேறிச் சிதம்பரம் போவார்கள். நான் இந்த 1936-ஆம் வருஷத்து விடுமுறையில் குடிதண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கப் போனேன். வில்லியனூரில் தொடங்கி உறுவையாறு வழியாகப் பாகூர், அங்கிருந்து தென்பெண்ணைக் கரையில் குருவிநத்தம். போக வர மூன்று நாள் பயணம். இதே வழியில் போக விரும்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கோயிலும் ஏரியும் ஆறும் இருக்கின்றன, தொட்டிகளில் ஆசை இல்லாதவர்களும் போகலாம்.

எனக்கு ஆசை வந்த காரணத்தை மறைக்கப் போவதில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் ‘கிராமங்களுக்குச் சுத்த ஜலம்’ என்று அரைப் பக்கம் போட்டு, நடுவில் தேவநாதனுடைய போட்டோவையும் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிப்பதற்குப் பதிலாகப் பெட்டியை எடுத்துத் துணி மடிக்க ஆரம்பித்தேன்.

தேவநாதன் காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சு. கணக்கிலும் படம் வரைவதிலும் எனக்குக் கீழே. படிப்பு முடிந்ததும் ஒரே உத்தியோகத்துக்கு இரண்டு பேரும் மனுப் போட்டோம். எனக்குத் திறமை இருந்தது, அவனுக்கு மாமனார் இருந்தார். இன்று அவன் எஞ்சினீயர். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வினைச்சொற்களை உருப்போட வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் செய்த கருவி எப்படி ஓடுகிறது, ஓடுகிறதா, என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றும்.

கருவி இதுதான். பொதுக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஒரு தகரத் தொட்டியில் விழும். தொட்டி நடு அச்சில் தொங்குவதால், நிரம்பியதும் பாரம் தாங்காமல் முன்னால் கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். அதனோடு ஒரு கரண்டி இணைத்திருக்கும். தொட்டி கவிழும்போதெல்லாம் கரண்டி பக்கத்திலுள்ள பீங்கான் ஜாடியில் முங்கி, ஒரு கரண்டி மருந்தை எடுத்துத் தண்ணீரில் ஊற்றும். ஜாடியில் இருப்பது வெளுப்புத் தூளைக் கரைத்துத் தெளியவைத்த நீர், ஆஸ்பத்திரியில் ழவேல் தண்ணீர் என்பார்களே, அதே ஜாதி. வாந்திபேதிக் கிருமியைக் கொல்லும். தண்ணீர் அதிகம் வந்தால் தொட்டி அதிகம் கவிழும், மருந்தும் அதிகம் விழும். ஆளும் வேண்டாம், இன்ஜினும் வேண்டாம். நல்ல யோசனைதான். தேவநாதனுக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்பது வேறு விஷயம்.

விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்குள் ரயிலேறினேன். மூன்றாம் வகுப்பு, இரண்டணா. நல்ல நாள் என்பதற்காக அன்று கிளம்பவில்லை, அன்றைக்கு ரயிலில் கூட்டம் இருக்காது. விழுப்புரம் போகும் வண்டி, வில்லியனூர் பத்து கிலோமீட்டர். இரவு பெய்த ஐப்பசி மழையில் வயல்கள் நிறைந்து, நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. ஜன்னலோரம் கிடைத்தது, எதிரே உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுக்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

வில்லியனூரில் பெரிய கோயில் தரிசனத்தை முடித்துக்கொண்டு தொட்டியைத் தேடிப் போனேன். கடைத்தெரு முனையில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. பெரிய பூட்டு. உள்ளே தொட்டி கவிழ்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, கரண்டியும் ஒழுங்காக ஜாடிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. ஜாடியில்தான் ஒன்றும் இல்லை. வெறும் கரண்டி ஏறி வெறும் கரண்டி இறங்கியது.

எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

“சாவி வெச்சிருக்கறவரு மாமியார் வூட்டுக்குப் போய்க்கீறாரு சாமி. பண்டிகை பாருங்க.”

“எப்போது வருவார்?”

“மாமியார் வூட்ல இன்னா சமைக்கறாங்களோ, அதப் பொறுத்து.”

தேவநாதன் பரீட்சையில் எழுதும் விடைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அசைவு நிறைய இருக்கும், சரக்கு இருக்காது. மனம் நிறைந்து, பக்கத்துக் கிளப்பில் நாலு இட்லி சாப்பிட்டேன். சட்னி கெட்டி. மூன்று காசு மிச்சம் கொடுக்க மறந்ததுபோல் நடித்தார் முதலாளி, நான் நினைவூட்டினேன்.

அங்கே கூண்டு வண்டி பேசினேன். போக வர மூன்று நாளுக்கு இரண்டு ரூபாய், மாட்டுத் தீனி வண்டிக்காரர் பொறுப்பு. இதற்கு மேல் கொடுக்காதீர்கள். வண்டிக்காரர் பெயர் மாணிக்கம், நாற்பது வயது இருக்கும். தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போகிறேன் என்றதும் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார்.

“வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லை.”

“வூட்ல சண்டைங்களா?”

இல்லை என்றேன். நம்பவில்லை.

உறுவையாறு அங்கிருந்து நாலு கிலோமீட்டர், சாலை நல்ல சாலை. என் துரதிர்ஷ்டம், அங்கே தொட்டி சரியாக ஓடுகிறது. ஜாடி நிறைய மருந்து, கரண்டி தேய்த்துப் பளபளவென்று இருந்தது. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காவலாள் முகத்தில் இருந்ததைவிட ஜாடிமேல் பெரிதாக இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த அம்மாள் ஒருத்தி குடத்தைத் திறந்தபடி வெயிலில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“நாத்தம் அடிக்குதுங்களே. கொஞ்ச நேரம் வெச்சா பறந்துபூடும். அப்பறம் குடிப்போம்.”

“மாட்டுக்கு?”

“மாடு அப்பவே குடிச்சிரும். அது எங்களாட்டம் நொரநாட்டியம் பண்ணாது.”

ஒரு தொட்டியில் மருந்தில்லை, ஒன்று சரியாக ஓடுகிறது. கணக்கு சமமாயிற்று என்று எழுதி வைத்துக்கொண்டு வண்டியேறினேன்.

உறுவையாற்றிலிருந்து பாகூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் ஆங்கிலேயர் நிலம் குறுக்கே வரும். நம் ஊரை யார் துண்டு போட்டார்களோ, கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போட்டிருக்க வேண்டும். சுங்கச் சாவடியில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். என் வேட்டியை உதறிய சேவகன் அதில் சீமைச் சாராயம் இருக்குமென்று எதிர்பார்த்தானோ என்னவோ. பட்டு, தீப்பெட்டிக் கட்டு, சாராயம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வேட்டியை அவர்களே மடித்துத் தர மாட்டார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சாவடியைத் தாண்டியபின் பாகூர் ஏரிக்கரை ஏறினோமே, அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் வேட்டியை உதறக் கொடுக்கலாம். ஏரி முக்கால் நிறைந்திருந்தது. கரைமேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, மாணிக்கம் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். நாரைகள் எழுந்து எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. தேவநாதனைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட நேரங்கள் அதிகம் இல்லை என்பதால் குறிப்பிடுகிறேன்.

இரவு சத்திரத்தில் தங்கினோம், கட்டணம் கிடையாது. பாய் நீங்கள் கொண்டுபோவது நல்லது. காலையில் கிளப்பில் தோசை சாப்பிடும்போது மாணிக்கம் ஒரு சேதி கொண்டுவந்தார்.

“நாம போற ஊர்ல தலையாட்டி ரத்தம் கக்கிச்சாங்களே.”

“எது?”

“அதாங்க, அந்தத் தொட்டி. பூஜை அன்னிக்கி சாயங்காலம் ரத்தமாப் பூத்துச்சாம். விடிஞ்சா ஒண்ணுமே இல்லியாம், வெள்ளையாக் கெடந்துச்சாம். ஊரே தண்ணி பிடிக்கறத வுட்டுட்டாங்களாம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தோசை சொன்னேன்.

பாகூரிலிருந்து குருவிநத்தம் ஐந்து கிலோமீட்டர். இருபுறமும் கரும்பு, சாலை சேறு. இரண்டு இடத்தில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. பத்து மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழையுமுன்பே ஆற்றின் சத்தம் கேட்டது. தென்பெண்ணை செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. நாலைந்து பெண்கள் கரையோரம் அந்தக் கலங்கல் நீரை மொண்டு குடத்தில் தேற்றாங்கொட்டை உரைத்துக்கொண்டிருந்தார்கள். மண் அடியில் தங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். கிருமி தெளியாது.

தொட்டி இருக்கும் இடத்தில் ஊரில் பாதி கூடியிருந்தது. குருவிநத்தத்தில் குழாய்க் கிணறு, தண்ணீர் பூமிக்குள்ளிருந்து தானாகப் பொங்கி வருகிறது, நிறுத்த வழியில்லை. அது தலையாட்டித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து கீழே செங்கல் தொட்டியில் சேர வேண்டும். செங்கல் தொட்டி தாழ்ந்த இடத்தில் இருக்கிறது, மழை நாளில் தெருத் தண்ணீர் அதற்குள் கசியும். அதனால்தான் இந்த ஊருக்கு மருந்து அவசியம். நான் பார்த்தபோது தலையாட்டித் தொட்டி தலையாட்டவில்லை. சாமந்தி மாலை போட்டு, வாழைநாரால் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அதன்மேல் வழிந்து மருந்தில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

கட்டியது காவலாள் தேசிங்கு. அவரே சொன்னார். “ஆயுத பூஜைக்கு ஏரக் கட்டி வெக்கறோம், வண்டியக் கட்டி வெக்கறோம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? ஒரு நாளு சும்மா இருக்கட்டும்னு கட்டுனேன். பொம்பளைங்க வந்து தொட்டிக்கும் கரண்டிக்கும் மஞ்சா பூசிட்டுப் போனாங்க. சாயங்காலம் பாத்தா செவசெவன்னு கெடக்குது சாமி.”

கரண்டியைச் சுற்றி மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த பொருக்கைப் பார்த்தேன், உடனே விளங்கிவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், இடுப்பில் நாலு வயதுப் பையன். பெயர் தனகோட்டி என்று பிறகு தெரிந்தது.

“இன்னும் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கீங்க? நேத்து அக்கரையில ஒருத்தரு வாந்திபேதியில படுத்துட்டாரு. தெரியுமா தெரியாதா?”

வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்த நாட்டாமை கோவிந்தசாமி வெற்றிலையை மென்று முடித்தார். “தெரியும்மா. ரத்தம் கக்குன தண்ணியக் குடின்னு ஊருக்கு எப்பிடிச் சொல்லறது? நம்ம எல்லைச்சாமி செல்லியம்மாளக் கேக்காம அவ கோயிலு எதிர்க்க வெச்ச சாமான் அது.”

“ஆத்துத் தண்ணிய மட்டும் கேட்டுட்டா குடிக்கறீங்க?”

பையன் அழுதான். தேசிங்கு என் காதருகே சொன்னார், போன மழையில் இவளுடைய பெண் வாந்திபேதியில் போய்விட்டாள், ஒரே ராத்திரி. அதற்கப்புறம் வந்தது இந்தத் தொட்டி. இரண்டு நாளாகப் பையனுக்கு இளநீர்தான் கொடுத்து வந்தாள், தோப்பில் எட்டிய காயெல்லாம் தீர்ந்துவிட்டது. விறகு நனைந்து கிடக்கிறது, காய்ச்சவும் வழியில்லை.

நாட்டாமை அப்போதுதான் என்னைக் கவனித்தார். “சாமி யாரு? சர்க்காரா?”

“இல்லை. பாண்டிச்சேரியில் வாத்தியார்.”

“அப்ப ஒக்காருங்க.”

நான் உட்காராமல் விளக்கம் சொன்னேன். வெளுப்புத் தூளில் சுண்ணாம்பு உண்டு, மஞ்சளோடு சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்திக்கு ஆலம் கரைக்கும் வீடுகளில் இது தெரியாததா, பிறகு மருந்தே அந்தச் சிவப்பை வெளுத்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன். தனகோட்டி, “அத்தத்தான் நானும் தொண்ட வத்தக் கத்திக்கினு இருக்கேன்” என்றாள். கூட்டம் ஒரு கணம் யோசித்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

நாட்டாமை மெதுவாகக் கேட்டார். “அப்ப மருந்து மருந்துன்னு சொல்லி, அந்த எஞ்சினீரு இத்தினி நாளா சுண்ணாம்புத் தண்ணியத்தான் ஊத்திக்கினு இருந்தானா?”

அவ்வளவுதான். “ஏமாத்திட்டாம்பா!” என்று ஒரு குரல். “எங்கூட்டு மாடத்துல இல்லாத சுண்ணாம்பா?” என்று இன்னொன்று. கம்பத்தோடு பிடுங்கிப் பாகூர் மேரியில், அதாவது முனிசிபல் ஆபீஸில், கொண்டுபோய்ப் போடுவோம் என்று இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தனகோட்டி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

“நல்லா வந்து சொன்னீங்க” என்றாள்.

நான் பேசாமல் வண்டியேறியிருக்கலாம். தேவநாதனுடைய தொட்டி சேறும் சகதியுமாகப் பாகூர் மேரி வாசலில் வந்து விழும், அரைப் பக்கம் போட்ட பத்திரிகை அதையும் போட வேண்டியிருக்கும். அந்தக் காட்சியை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் பையன் தாயின் தோளைத் தட்டி, வழிந்து போகும் தண்ணீரைக் காட்டி, “தண்ணி, தண்ணி” என்றுகொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“ஐயா, கேளுங்கள்” என்று கத்தினேன். “அந்த எஞ்சினீயர் எனக்கு ஜன்ம விரோதி. அவனைப் பற்றி நல்ல வார்த்தை என் வாயில் வராது. ஆனாலும் சொல்கிறேன், சுண்ணாம்பு சும்மா கூட வருவது. அதில் ஏற்றியிருக்கும் மருந்து வேறு. அது கிருமியைக் கொல்லும்.”

நாட்டாமை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விரோதியா?”

“ஆமாம்.”

கூட்டம் அடங்கியது. இதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒருவனுக்காகச் சிநேகிதன் சொல்லும் சாட்சி எடுபடாது, உறவுக்காரன் சாட்சியும் எடுபடாது. விரோதி வந்து அவனுக்குச் சாதகமாகச் சொன்னால் அதற்குமேல் விசாரணை இல்லை. ஆனால் அவன் உண்மையான விரோதிதானா என்பதை முதலில் தீர்மானிப்பார்கள். எத்தனையோ பேர் விரோதியாக வேஷம் போட்டு வந்திருக்கிறார்களாம்.

“இன்னா விரோதம்?” என்றார் நாட்டாமை.

“எனக்கு வர வேண்டிய வேலையை மாமனார் தயவில் தட்டிக்கொண்டான்.”

“மாமனாரு இருக்கறது அதுக்குத்தான? எனக்குக்கூட எம் மாமனாருதான் ஒரு சோடி மாடு குடுத்தாரு.” எல்லோரும் சிரித்தார்கள். “இது விரோதம் ஆவாது. வேற?”

“என் காம்பஸை இரவல் வாங்கி முனையை உடைத்துக் கொடுத்தான்.”

“அப்பிடின்னா?”

“வட்டம் போடுகிற முள்.”

“ஒரு முள்ளுக்கா இத்தினி வருசம்? வேற இருந்தா சொல்லுங்க சாமி, இல்லன்னா ஒக்காருங்க.”

என் இருபத்திரண்டு வருஷத்தை இப்படி ஒவ்வொன்றாக எடை போட்டுத் தள்ளுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்துவிட்டது.

“என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்று உரக்கச் சொன்னான்!”

சிரிப்பு நின்றது. நாட்டாமை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

“எப்பச் சொன்னான்? எலையில ஒக்காந்த ஒடனேயா?”

“மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட பிறகு.”

“மூணு தபா ஊத்திக்கினு அப்பறம் சொன்னான்?”

“ஆமாம்.”

“பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழுந்துச்சா?”

“என் மாமியார் சமையலறைக்குப் போய் அழுதார்கள். பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசம் பரிமாறும்போது யாரும் பேசுவதில்லை.”

பெரியவர் ஒருவர் ‘த்சொ’ என்றார். நாட்டாமை எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “பகைதான்.” பிறகு என்னிடம், “அவன் எதிர்க்க வந்தா பேசுவீங்களா?”

“தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.”

“அவன் போட்ட தண்ணிய எங்க எதிர்க்கக் குடிப்பீங்களா?”

“கொண்டுவாருங்கள்.”

மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கின. ஆனால் இன்னொரு சிக்கல் எழுந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அதற்கு உடையவன்தான் திரும்ப எடுக்க வேண்டும். இது யாருடைய ஆயுதம்? சர்க்காருடையது என்றார் நாட்டாமை. தேசிங்கு, “நான் வெறும் காவலு, எம்மேல போடாதீங்க” என்று நாலடி பின்னால் போனார். முனிசிபல் தலைவர் மேர் வந்து எடுக்கட்டும் என்றால், மேர் இந்தச் சேற்றில் வருவாரா?

தனகோட்டி பையனைத் தேசிங்குவின் கையில் கொடுத்தாள். “ஏர உழுவறவன் எடுக்கறான். அருவாள அறுக்கறவன் எடுக்கறான். இதுல தண்ணி மொள்றது யாரு? நாங்க. நான் எடுக்கறேன், அம்மா கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்.” நாட்டாமையிடம் நேராகப் போய்க் கையை நீட்டினாள். “அந்தச் சுண்ணாம்ப இப்பிடிக் குடுங்க.”

அவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவைக் கொடுத்தார். ஒரு பெண் மஞ்சளும் தட்டும் கொண்டுவந்தாள். தனகோட்டி தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைத் தடவினாள். சிவந்தது. தட்டைக் கூட்டத்துக்கு முன்னால் சுற்றிக் காட்டினாள். “நாட்டாமை வூட்டு ரத்தம். பாத்துக்குங்க.” பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நாட்டாமையும் சிரித்துவிட்டார். அந்த ஆலத்தைத் தொட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி முச்சந்தியில் கொட்டிவிட்டு வந்து, வாழைநாரை அவிழ்த்தாள்.

தொட்டி நிரம்பியது. கொஞ்சம் தயங்கியது. பிறகு ‘டக்’ என்று கவிழ்ந்தது, கரண்டி எழுந்து மருந்தை ஊற்றியது. முன்வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கி, ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். தேசிங்கு கீழ்த்தொட்டியின் அடைப்பைத் திறந்து பழைய தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுத் தேய்த்துக் கழுவினார். புதிதாக நிறைந்த பிறகும் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும், மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்று நான் வற்புறுத்தினேன். அதுவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து அந்த ரசத்தில் உண்மையிலேயே உப்பில்லையா என்று கேட்டார். உப்பு இருந்தது என்று ஆணித்தரமாகச் சொன்னேன்.

தனகோட்டி ஒரு சொம்பு நிறைய மொண்டு என்னிடம் கொடுத்தாள். ஊரே என் வாயைப் பார்த்தது. வண்ணான் துறை வாசனை. மூச்சை அடக்கி முழுச் சொம்பையும் குடித்தேன்.

“எப்பிடிக்கீது?” என்றார் நாட்டாமை.

“நாற்றம் அடிக்கிறது. தேவநாதன் வேலை, வேறெப்படி இருக்கும்? ஆனால் குடிக்கலாம். தினமும் குடிக்கலாம்.”

தனகோட்டி உடனே பையனுக்குக் கொடுக்கவில்லை. அடுப்பில் பால் வைத்தவள் பார்ப்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன், தேசிங்குவோடு பேசினேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையனை வாங்கி மடியில் வைத்துச் சொம்பைச் சாய்த்தாள். முதல் மடக்கை அவன் துப்பினான். இரண்டாவதைக் குடித்தான். அப்புறம் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டான். அவள் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் நாட்டாமை வீட்டில் சாப்பாடு. ரசத்தைப் பரிமாறிவிட்டு அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார், நான் பிரமாதம் என்றேன், உண்மையாகவே பிரமாதம். பொழுது சாயுமுன் பாகூர், மறுநாள் வில்லியனூர் வழியாக வீடு. திரும்பும் வழியில் மாணிக்கம், “தொட்டி பாக்கத்தான் வந்தீங்கன்னு இப்ப நம்பறேன்” என்றார்.

தேவநாதனை நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். குருவிநத்தத்தில் செங்கல் தொட்டியைத் தாழ்வில் கட்டியது தப்பு, நானாயிருந்தால் மேட்டில் கட்டியிருப்பேன். வில்லியனூர்ப் பூட்டுக்கு இரண்டு சாவி செய்திருப்பேன். ஆனால் கருவி நல்ல கருவி. என் வெறுப்பு இத்தனை வருஷத்தில் யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான், அந்த நினைப்பில் இந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்குகிறேன்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பாகூருக்குத் தெற்கே செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய்க்குள் முடியும். பாகூர் ஏரிக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். பழைய கணக்கு யாரோடாவது இருந்தால் விவரங்களை மறக்காமல் கொண்டுபோங்கள்.

குருவிநத்தத்தில் வெளியூர்க்காரர் யார் வந்தாலும் தனகோட்டி முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். தாகம் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடியுங்கள். தயவுசெய்து முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் சுளித்தால் மறுநாள் காலையில் நாலு குடம் ஆற்றுக்குப் போய்விடும்.